வெல்டு இழுப்புக்கு சிமுலேஷன்: கோல்டாக் முறையா, இன்ஹெரன்ட் ஸ்ட்ரெயினா?

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டுல ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்ல இருக்கேன். 12 எம்எம் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட்ல 2 மீட்டர் பேஸ் ஃப்ரேம், ஃபில்லட் (ரெண்டு பிளேட் சேர்ற மூலைல போடற வெல்டு) எல்லாம் முடிச்சு கிளாம்ப கழட்டுனா ஒரு மூலை தூக்கிக்கிட்டு ஆடும், அப்புறம் கேஸ் காட்டி நிமுத்தறதுலயே ஒரு ஷிஃப்ட் போயிரும். அதுக்குத்தான், இந்த இழுப்ப முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாக்கற சிமுலேஷன் பக்கம் போனோம்.

வழி ரெண்டு. ஆர்க் நகர நகர சூட்டையும் ஸ்ட்ரெஸ்ஸையும் கணக்கு போடற டிரான்சியன்ட், அதுக்கு 1984-ல கோல்டாக் குடுத்த டபுள் எலிப்சாய்டு ஹீட் சோர்ஸ், அதாவது ஆர்க்கோட சூட்ட முன்னாடி ஒரு பாதி, பின்னாடி ஒரு பாதின்னு முட்டை வடிவத்துல பரப்பி காட்டற மாடல். 800 டிகிரிலருந்து 500-க்கு எத்தன செகண்ட்ல ஆறுது, பக்கத்துல ஹார்ட்னஸ் ஏறுமான்னு பாக்கணும்னா இதான். இன்னொண்ணு 1970-கள்ல ஒசாகா யுனிவர்சிட்டில உயேடா ஆரம்பிச்ச இன்ஹெரன்ட் ஸ்ட்ரெயின், வெல்டு ஆறுனப்புறம் உள்ள தங்கற சுருக்கத்த மட்டும் ஜாயின்ட்ல குடுத்து, சூட்டுக் கணக்கு இல்லாம ஒரு எலாஸ்டிக் ரன், அவ்ளோதான்.

நாங்க ரெண்டாவதத்தான் புடிச்சோம். ஏன்னா எந்த பீட (வெல்டு வரிய) மொதல்ல போடறதுன்னு மாத்தி மாத்தி பாக்கணும். டிரான்சியன்ட்டுக்கு வெல்டு ஓரமா 1-2 எம்எம் மெஷ் (கணக்குக்காக பிரிக்கற சின்ன கட்டம்) வேணும், முழு ஃப்ரேமுக்கு எங்க பிசில ஒரு வரிசை பாக்கவே ரெண்டு ராத்திரி ஓடும். இதுல டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒரு வரிசை முடிஞ்சிரும்.

ஆனா அந்த சுருக்கத்தோட அளவு சும்மா வராது. 300 எம்எம் டீ-ஜாயின்ட் ஒண்ணு போட்டோம்: 24 வோல்ட், 220 ஆம்ப், செகண்டுக்கு 6 எம்எம், எஃபிஷியன்சி 0.8, அதாவது எம்எம்முக்கு சுமார் 700 ஜூல். அத குறுக்க அறுத்து, எமரி போட்டு தேச்சு, நைட்டல் (நைட்ரிக் ஆசிட் கலந்த ஆல்கஹால்) தடவுனா உருகுன எல்ல தனி நெறமா தெரியும், அத வெர்னியர்ல அளந்து, அந்த சின்ன பீஸுக்கு மட்டும் கோல்டாக்க ஓட்டி, உருகு கோடு அதே எடத்துல உக்கார்ற வரைக்கும் எலிப்சாய்ட மாத்திக்கிட்டே இருக்கணும். அப்ப அந்த பீஸ்ல வர்ற சுருக்கந்தான் ஃப்ரேமுக்கு குடுக்கற நம்பர். ஒரு நாள் வேலை. ஆனா அதே தடிமன், அதே ஆம்பியர்னா அடுத்த ஃப்ரேமுக்கும் அதே நம்பர் ஒதவும், இதான் எனக்கு பெரிய லாபமா தெரியுது. டெஸ்ட் பீஸையும் ஃப்ரேம் மாதிரியே கிளாம்ப் பண்ணுங்க, மொத தடவ சும்மா வச்சு அடிச்சோம், கணக்குல வந்த வளைவு நெசத்த விட ரொம்ப கூட.

வெல்டு ஓரத்து மிச்ச ஸ்ட்ரெஸ்ஸ வச்சு ஃபடீக் (திரும்பத் திரும்ப லோடு வந்து விரிசல் விடறது) பாக்கறவங்க இத நம்பாதீங்க, அதுக்கு டிரான்சியன்ட் தான். ஸ்டெயின்லெஸ்ல ஒரே ஒரு ஜாப் தான் பண்ணிருக்கேன், 304 கிரேடு எம்எஸ்ஸ விட ஒன்றர மடங்கு கிட்ட விரியும், சூட்டையும் சீக்கிரம் கடத்தாது, அதனால எம்எஸ் நம்பர அதுல போட்றாதீங்க.

இப்ப நடுவுலருந்து வெளிய, எதிரெதிர் பக்கமா மாத்தி போடறோம். முன்னாடி 4 எம்எம் தூக்குன மூலைக்கு கீழ போன வாரம் ஃபீலர் கேஜ் விட்டு பாத்தேன், 1 எம்எம்முக்கு மேல போகல.