டெபியன், ஆல்பைன், ஆல்மா, உபுண்டு: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எந்த மினிமல் சர்வர்?

செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் எடைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் வைத்திருக்கும் சிறு சர்வரும், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் நாள்தோறும் பறித்து வந்த பழத்தின் எடையைப் பதியும் சர்வரும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டிலும் ஓடுவது ஒரு டேட்டாபேஸ், ஒரு சிறிய வெப் செயலி, உள்ளே நுழைவதற்கு எஸ்எஸ்ஹெச், இரவில் ஒரு பேக்கப், அவ்வளவுதான். திரையும் டெஸ்க்டாப்பும் தேவைப்படாத இத்தகைய இடங்களுக்கு, தேவையானதை மட்டும் போடும் மினிமல் நிறுவலே பொருத்தம் என்பதை யாரும் மறுப்பதில்லை. லினக்ஸ் வகைகளான டெபியன், ஆல்பைன், ஆல்மா, உபுண்டு ஆகியவற்றில் எதன் மினிமல் நிறுவல் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

இந்த விவாதம் பெரும்பாலும் டிஸ்க் அளவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆல்பைனை டிஸ்கில் நிறுவச் சுமார் 130 எம்பி போதும். மற்றவை எதுவும் அதன் அருகில்கூட வர முடியாது. ஆனால் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய எஸ்எஸ்டியே 120 ஜிபி இருக்கும்போது, அங்கே ஒரு ஜிபியை மிச்சப்படுத்துவதால் பட்டறைக்கோ தோட்டத்துக்கோ எந்த லாபமும் இல்லை. பேக்கேஜ்கள், அதாவது நிறுவப்படும் மென்பொருள் தொகுப்புகள், குறையக் குறைய, அடைக்க வேண்டிய பாதுகாப்பு ஓட்டைகளும், திறந்து கிடக்கும் போர்ட்டுகளும், மாதந்தோறும் இறக்க வேண்டிய அப்டேட்டுகளும் குறைகின்றன. மினிமல் நிறுவலின் உண்மையான பயன் அதுதான். ஆகவே டிஸ்க் அளவைவிட, அந்த இயந்திரத்தில் கோளாறு வந்தால் அதன் எதிரே யார் போய் உட்கார முடியும், எவ்வளவு நேரத்தில் முடியும் என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். செவ்வாய்பேட்டைக்கு ஐந்து ரோட்டிலிருந்து வண்டியை எடுத்தால் சற்று நேரத்தில் போய்விடலாம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நடந்ததுபோல மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் அதுவும் நடக்காது.

முதலில் டெபியன். நெட்இன்ஸ்ட் எனப்படும் சிறிய நிறுவல் கோப்பை எடுத்துக்கொண்டு, கடைசியில் வரும் மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் விட்டால் மினிமல் நிறுவல் தயார். புதியவர்கள் தடுமாறும் இடம் இதற்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. ரூட் எனப்படும் முழு அதிகாரமுள்ள பயனரின் கடவுச்சொல் கேட்கும் திரையை வெற்றாக விட்டுவிட்டால், சாதாரணப் பயனரும் அந்த அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க உதவும் சூடோவை நிறுவி தானாகவே போட்டு நம் பயனரை அந்தக் குழுவில் சேர்த்துவிடும். அங்கே ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் சூடோ வராது. டெபியன் 12 முதல் வைஃபை, நெட்வொர்க் கார்டுகளுக்கான தனியுரிம ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே வருகிறது. முன்பெல்லாம் அதற்காக இன்னொரு பென்டிரைவோடு அலைய வேண்டியிருந்தது என்பதால், மலைமேல் நிறுவப் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

டெபியனில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, ஒரு பேக்கேஜைக் கேட்டால் அதனோடு பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்களும் சேர்ந்து வந்துவிடும் வழக்கம். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் அமைப்புக் கோப்பில் அந்தப் பரிந்துரைகளை நிறுத்திவைத்தால்தான் மினிமல் என்பது ஆறு மாதம் கழித்தும் மினிமலாக இருக்கும். தானாக அப்டேட் ஆகும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் பேக்கேஜையும் நிறுவிப் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால், சேலத்தில் இருந்துகொண்டே தோட்டத்துச் சர்வரைப் பற்றி அமைதியாக இருக்கலாம்.

ஆல்பைன் வேறு வகையைச் சேர்ந்தது. எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமாக இதில் வழக்கமான ஜிலிப்சி இல்லை, மஸில் இருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கச் சிஸ்டம்டி இல்லை, ஓபன்ஆர்சி இருக்கிறது. சாதாரணக் கட்டளைகள் அனைத்தும் பிசிபாக்ஸ் என்ற ஒரே கோப்புக்குள் அடங்கியிருக்கின்றன. செட்டப்-ஆல்பைன் என்று அடித்தால் விசைப்பலகை, நெட்வொர்க், நேரம், டிஸ்க் என்று சில கேள்விகள் கேட்டுவிட்டு வேலையை முடித்துவிடும். நான்கில் வேகமான நிறுவல் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மலைப்பகுதிக்கு ஆல்பைனின் தனிச்சிறப்பு அதன் டிஸ்க்லெஸ் முறை. பென்டிரைவிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ பூட் ஆகி, இயங்குதளம் முழுவதும் ரேமில் ஏறிக்கொள்ளும். அதன்பின் இயங்கும்போது அந்தக் கார்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. கோடை மழையில் இடி இடித்து மின்சாரம் போய்ப் போய் வரும் ஏற்காட்டில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போவதுதான் கோப்பு முறைமைகள் கெடுவதற்குப் பெரிய காரணம் என்பதால், இந்த முறையின் அருமை அங்கே நன்றாகத் தெரியும். அமைப்பில் செய்த மாற்றங்களை எல்பியூ கமிட் என்ற கட்டளை கொடுத்து ஒரு சிறு சுருக்கக் கோப்பாகக் கார்டில் சேமிக்க வேண்டும். அந்தக் கட்டளையைக் கொடுக்க மறந்தால் அடுத்த பூட்டில் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். இணைய வாசலில் நிற்கும் ஃபயர்வால், விபிஎன், டிஎன்எஸ் போன்ற எப்போதாவது மட்டுமே அமைப்பு மாறும் வேலைகளுக்கு அந்தக் குணமே பாதுகாப்பு. நாள் முழுவதும் எடை பதிவாகிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு டிஸ்க்லெஸ் முறை ஏற்றதல்ல. தரவுக்குத் தனி டிஸ்க் கட்டாயம்.

ஆல்பைனை எல்லா இடத்துக்கும் பரிந்துரைக்க என்னால் முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எடைமேடைக்கோ யூபிஎஸ்ஸுக்கோ தயாரிப்பாளர் கொடுக்கும் லினக்ஸ் மென்பொருள் அநேகமாக ஜிலிப்சிக்காகக் கட்டப்பட்டதாக இருக்கும். அதை ஆல்பைனில் வைத்து ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஷெல் சொல்லும். இல்லாமல் போனது அந்தக் கோப்பல்ல, அதைத் தூக்கி ஓட்டவேண்டிய ஜிலிப்சி லோடர் என்பது அனுபவப்பட்டவருக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு அந்தச் செய்தி எதையும் சொல்லாது. ஜிலிப்சிக்கான மென்பொருளை மஸிலில் ஓட வைக்க முயலும் ஜிகம்பாட் என்ற ஒட்டு சில நேரம் கைகொடுக்கும், சில நேரம் கைவிடும். இரண்டாவது காரணம் ஆதரவுக் காலம். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. பேக்கேஜ்கள் இரண்டு களஞ்சியங்களில் இருக்கின்றன. மெயின் களஞ்சியத்துக்கு இரண்டு ஆண்டு ஆதரவு உண்டு. ஆனால் கம்யூனிட்டி களஞ்சியத்துக்கு அடுத்த பதிப்பு வரும்வரைதான். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும் மெயினில் இருக்கின்றன, பிஹெச்பி மொழி கம்யூனிட்டியில் இருக்கிறது. எனவே பிஹெச்பியில் எழுதிய செயலி ஓடும் சர்வர் என்றால் ஆண்டுக்கு இருமுறை பதிப்பு மாற்றத்துக்கு ஆள் ஒதுக்க வேண்டும்.

ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் ரெட்ஹேட் வழி வந்தவை; ரெட்ஹேட் லினக்ஸின் இலவச வடிவமாக இருந்த சென்ட்ஓஎஸ் 8-இன் ஆயுள் 2020 டிசம்பரில் திடீரெனக் குறைக்கப்பட்டு 2021 இறுதியோடு முடிக்கப்பட்டதன் விளைவாகப் பிறந்தவை. இவற்றின் மினிமல் ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் கோப்பை, போட்டால், ஒவ்வொரு செயலியும் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸும் ஃபயர்வாலை நடத்தும் ஃபயர்வால்டியும் தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். டெபியனில் ஃபயர்வால் விதிகளை நாமே எழுத வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால், கவனக்குறைவான கைகளில் ஆல்மாவே பத்திரமானது. 10 ஆண்டு ஆதரவு என்பது இங்கே எந்தச் செலவுமில்லாமல் கிடைக்கிறது. 9-ஆம் பதிப்பு 2032 மே வரை ஓடும். ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளிக்கு, ஒருமுறை போட்டால் நீண்ட காலம் தொட வேண்டாம் என்று சொல்ல முடிவது சிறிய விஷயமல்ல.

ஆனால் எஸ்இலினக்ஸோடு பழகாதவர் முதல் வாரத்திலேயே அதை அணைத்துவிடுகிறார். வெப் செயலியின் கோப்புகளை வழக்கமில்லாத ஓர் அடைவில் வைத்ததும் அனுமதி மறுக்கப்படுகிறது. அதைச் சரிசெய்யும் செமேனேஜ் கட்டளை மினிமல் நிறுவலில் இருப்பதில்லை, தனிப் பேக்கேஜாகப் போட வேண்டும். அதைத் தேடிப் போட மனமில்லாமல் பாதுகாப்பையே அணைத்துவிடுவதானால், ஆல்மாவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருளே இல்லை. பழைய கணினிகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ராக்கி 10 ஓடுவதற்கு, 2013-இல் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறைக்கு ஈடான பிராசஸர் வேண்டும். ஆல்மா மட்டும் அதற்கு முந்தையவற்றுக்காகத் தனிப் பதிப்பொன்றை வெளியிடுகிறது. 32 பிட் கணினி என்றால் டெபியன் 13-இலும் நிறுவ வழியில்லை. ஆல்பைன் இன்னும் கைவிடவில்லை.

உபுண்டு சர்வரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் நிறுவியில் மினிமைஸ்டு என்ற தேர்வு இருக்கிறது. மனிதர்கள் உள்ளே நுழைந்து வேலை செய்யாத சூழலுக்கானது என்று அந்தத் திரையே விளக்கம் சொல்கிறது. கட்டளைகளை விளக்கும் மேன் பக்கங்களோ ஒரு எடிட்டரோ இல்லாத அந்த நிறுவல், இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் மேகக் கணினிகளுக்கு ஏற்றது. இணையம் அறுந்த மழை நாளில், சேலத்திலிருந்து தொலைபேசியில் ஒருவர் சொல்லச் சொல்ல ஒரு கோப்பைத் திருத்த வேண்டிய தோட்டத்து ஊழியருக்கு அது பெரும் இடைஞ்சல். உபுண்டுவின் தனிப் பேக்கேஜ் முறையான ஸ்னாப் வழியாக எதையாவது நிறுவினால் அது நாளுக்கு நான்கு முறை அப்டேட் தேடும் என்பதால், அளந்து செலவழிக்கும் மொபைல் டேட்டாவில் ஓடும் இடங்களில் அதை நிறுத்திவைக்க வேண்டும். மேகத்தில் ஏற்கெனவே உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒரே வகையாக இருக்கட்டும் என்று இதையே எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆகவே என் தேர்வு இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏற்காட்டில் எடையைப் பதியும் சர்வருக்கு டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதற்கு மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்பின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுமாக 2030 வரை காலம் இருக்கிறது, கையில் கிடைக்கும் மென்பொருள் எதுவும் அதில் ஓட மறுப்பதும் அரிது. அதே அலுவலகத்தின் இணைய வாசலுக்கு டிஸ்க்லெஸ் முறையில் ஆல்பைன். சேலத்தில் லினக்ஸ் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆலைக்கு, எஸ்இலினக்ஸை அணைக்கமாட்டோம் என்ற உறுதியோடு ஆல்மா 9 அல்லது 10.

எதைத் தேர்ந்தாலும் அதே நிறுவலை மறுபடி செய்யும் கோப்பு கையில் இருக்க வேண்டும். ஆல்மா தன் நிறுவலின்போது கொடுத்த விடைகளை ரூட் பயனரின் அடைவில் ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாகத் தானே எழுதிவைக்கிறது. உபுண்டுவும் ஆட்டோஇன்ஸ்டால் விடைகளை அவ்வாறே விட்டுச்செல்கிறது. ஆல்பைனுக்கு எல்பியூ சேமித்த சுருக்கக் கோப்பே போதும். டெபியனில்தான் அதே வேலைக்கான ப்ரீசீட் கோப்பை நாமே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. டெபியனை விரும்புகிற நானும் அந்த ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோப்பையும் நிறுவல் பென்டிரைவையும் ஒரு உறையில் போட்டுத் தோட்டத்து அலுவலக அலமாரியிலேயே வைத்துவிட்டால், பாதை அடைபட்ட நாளில் டிஸ்க் பழுதானாலும் அங்கிருப்பவரே புது டிஸ்கில் இயங்குதளத்தை ஏற்றிவிடலாம். முந்தைய இரவின் பேக்கப் வேறொரு டிஸ்கில் இருந்தால் கணக்கும் அன்றைக்கே திரும்பிவிடும்.