ஸ்டீராய்டு கைகொடுக்காத தசை அழற்சி: இம்யூனோகுளோபுலினா, ரிட்டுக்சிமாபா?

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தத் தசைகளையே தாக்கும் தசை அழற்சிக்கு, ஸ்டீராய்டும் அந்த எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்த பிறகும் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவருக்கு, அந்தப் பலவீனம் ஸ்டீராய்டினாலேயே வந்ததல்ல என்று உறுதியானபின், தோலிலும் நோய் இருந்தால், சிரைவழி இம்யூனோகுளோபுலினையே (கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்பொருள்கள்) நான் முதலில் கருதுவேன். 2022இல் வெளியான புரோடெர்ம் ஆய்வில், கிலோவுக்கு 2 கிராம் வீதம் நான்கு வாரத்துக்கொருமுறை பெற்றவர்களில் 79 சதவீதத்தினர் 16ஆம் வாரத்தில் முன்னேறியிருந்தனர். போலி மருந்து பெற்றவர்களில் 44 சதவீதத்தினரே. விலை மிக அதிகம். இரத்தம் உறையும் அபாயமும் உண்டு.

எதிர்பொருள் உற்பத்தியோடு தொடர்புடைய பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மெதுவாகவே வேலை செய்யும். 200 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு முதன்மை இலக்கை எட்டாவிட்டாலும், 83 சதவீதத்தினர் தேறினர்; இந்நோயில் சிலரின் இரத்தத்தில் காணப்படும் ஜோ-1, மி-2 எதிர்பொருள் உள்ளவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. நுரையீரலும் பாதிக்கப்பட்டிருந்தால் இதன் பக்கமே சாய்வேன். இது உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை எழுப்பிவிடக்கூடும் என்பதால், முதல் ஊசிக்கு முன் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.