பெட்ஃபோர்ட் கியூஎல்லா, ஜிஎம்சி சிசிகேடபிள்யூவா?

இரண்டாம் உலகப் போர் லொறி ஒன்றை எஞ்சின் உட்படச் சிறிய மாதிரியாகச் செய்வதென்றால், என் மனம் போவது இந்த இரண்டுக்கும்தான்.

பெட்ஃபோர்ட் கியூஎல் 1941 முதல் 1945 வரை பிரிட்டனில் தயாரான மூன்று தொன் லொறி. நான்கு சக்கரங்களும் இழுக்கும். நல்ல சாலையில் முன் அச்சைத் துண்டித்துவிடலாம். 3.5 லீற்றர், ஆறு சிலிண்டர், 72 குதிரைத்திறன். 1939-இல் அறிமுகமாகி, போருக்குப் பின்னும் தயாரான பெட்ஃபோர்ட் ஓபி பஸ்ஸிலும் இதே எஞ்சின் குடும்பம்தான். அதனால் கொழும்பில் ஆராய்ச்சிக்கு இது வசதி: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பெட்ஃபோர்ட் என்றால் தனியாக விளக்க வேண்டியதில்லை, மூத்த மெக்கானிக்மாரிடம் நேரடியாகவே கேட்கலாம். ஒரே குறை, எஞ்சின் கெபினுக்குள் இரு இருக்கைகளுக்கு நடுவே மூடிக்கு அடியில் இருக்கிறது. பாடுபட்டுச் செய்தாலும் பார்ப்பவர் கண்ணில் படாது.

அமெரிக்க லொறியான ஜிஎம்சி சிசிகேடபிள்யூவில் பொனெட்டின் பக்கத்தைத் தூக்கினால் போதும், 4.4 லீற்றர் எஞ்சின் முழுதாகத் தெரியும். ஆறு சக்கர இழுவை, ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தி. படங்களுக்கும் கையேடுகளுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் அச்சைக் கவனியுங்கள், அதில் இரண்டு வகை உண்டு. டிம்கன் அச்சில் நடுக்கூடு இரு பாதிகளாகப் பிளந்து போல்ட்டால் இணைந்திருக்கும். பாஞ்சோ வகையில் அது வட்டமாக இருக்கும். இரண்டையும் ஒரே வண்டியில் கலந்தால் மாதிரி கெட்டது. கெபினும் அப்படித்தான்: முதலில் மூடிய இரும்புக் கெபின், பிறகு கன்வஸ் கூரை.

எஞ்சின்தான் உங்கள் ஆசை என்றால் யோசிக்காமல் ஜிஎம்சியை எடுங்கள். அப்புறம் பெட்ஃபோர்டுக்கு வரலாம்.