வெஸ்ட்மின்ஸ்டர் சுற்றுலா: பிரார்த்தனை அட்டைக்காகவே போகலாம்

லண்டன் நாடாளுமன்ற மாளிகையைத் தனியார் வழிகாட்டிச் சேவை ஒன்றின் மூலம் பார்த்தேன். மற்ற மண்டபங்களை விரைந்து கடந்த வழிகாட்டி, மக்களவையில் மட்டும் நிதானித்து, ஒவ்வொரு நாள் அமர்வும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபுப் பிரார்த்தனையுடன் தொடங்குவதையும், அப்போது உறுப்பினர்கள் பின்சுவரை நோக்கித் திரும்பி நிற்பதையும், பொதுமக்களுக்கு அந்த நேரத்தில் அனுமதி இல்லாததையும் தெளிவாக விளக்கினார். 650 உறுப்பினர்களுக்கு ஏறத்தாழ 427 இருக்கைகளே உள்ளதால், இருக்கையின் பின்புறச் சட்டத்தில் பிரார்த்தனை அட்டையைச் செருகி இடம்பிடிப்பவர்கள் பிரார்த்தனைக்கும் வந்தாக வேண்டும். நம் ஊர்ப் பேருந்தில் துண்டு போடுவதை விடக் கண்டிப்பான ஏற்பாடு. இதில் பக்தி எவ்வளவு, இடத்தேவை எவ்வளவு என்று கேட்டேன்; வழிகாட்டி சிரித்து நழுவிவிட்டார், அது ஒன்றுதான் குறை. கட்டணத்துக்குத் தகுந்த சேவையே. அந்தப் பச்சை இருக்கைகளில் உட்காரத்தான் விடுவதில்லை.