லெக்ஸஸ் ஐஎஸ்250, எவோ 10, டைப் ஆர்: கோலாலம்பூர் நெரிசலுக்கு எது?

பழைய ஜப்பானிய செடான் தேடும் நம் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை ஹார்ஸ் பவர்?" கோலாலம்பூரில் தினமும் ஓட்டப்போகும் காருக்கு நான் முதலில் கேட்பது, கியர்பாக்ஸ் என்ன? மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையிலோ எம்ஆர்ஆர்2 சாலையிலோ மாட்டிக்கொண்டால் 300 குதிரைத்திறனும் 200 குதிரைத்திறனும் ஒரே வேகத்தில்தான் ஊர்ந்து போகும். அந்த நேரத்தில் தேய்வது கிளட்ச், கொதிப்பது கியர் ஆயில்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று: இரண்டாம் தலைமுறை லெக்ஸஸ் ஐஎஸ்250 (2005 முதல் 2013 வரை), மிட்சுபிஷி லான்சர் எவோ 10 (2007 முதல் 2016 வரை), ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2. ரீகண்ட் கார்களை, அதாவது வெளிநாட்டில் ஓடி இங்கே வரும் பழைய கார்களை, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள்தான் இறக்குமதி செய்ய முடியும் என்பதால், இந்த மூன்றும் இனி ஜப்பானிலிருந்து புதிதாக வந்து இறங்கப் போவதில்லை. ஏற்கெனவே இங்கே ஓடிக்கொண்டிருப்பவற்றில்தான் பொறுக்க வேண்டும். அதனால் வண்டியின் பெயரைவிட அதை வைத்திருந்தவரின் கை முக்கியம்.

சாலை வரியை முதலில் முடித்துவிடுவோம். எவோ, டைப் ஆர் இரண்டும் 1998 சிசி, ஆண்டுக்கு 379 ரிங்கிட். ஐஎஸ்250 2499 சிசி, 879 ரிங்கிட். "இன்னும் கொஞ்சம் போட்டால் ஐஎஸ்350 கிடைக்குமே" என்று யாராவது ஆசை காட்டினால் அதன் 3456 சிசியை நினைத்துக்கொள்ளுங்கள்: வரி மட்டும் 4,182 ரிங்கிட், அதுவும் வருடா வருடம். பெட்ரோலில் கணக்கு மாறுகிறது. எவோவுக்கும் டைப் ஆருக்கும் ரோன்97 என்ற உயர்ரகப் பெட்ரோல் ஊற்றுவதுதான் நல்லது, அதற்கு அரசாங்கச் சலுகை கிடையாது. ஐஎஸ்250 ரோன்95-லேயே ஓடும். ஆக, வரியில் மிச்சம் பிடித்த 500 ரிங்கிட், தினமும் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் நிலையத்திலேயே கரைந்துவிடும்.

இப்போது கியர்பாக்ஸ். எவோ 10-இல் இரண்டு வகை உண்டு. ஒன்று ஐந்து கியர் மேனுவல். மற்றொன்று எஸ்எஸ்டி எனப்படும் ஆறு கியர் இரட்டை கிளட்ச். திறந்த சாலையில் எஸ்எஸ்டியின் வேகம் அபாரம். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறுவது உடம்புக்கே தெரியாது. ஆனால் அதன் இரண்டு கிளட்ச்சுகளும் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்பவை. நெரிசலில் அரை அடி, ஒரு அடி என்று நகரும்போது அவை பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும், அந்தச் சூடெல்லாம் எண்ணெயில் இறங்கும். நம் ஊர் வெக்கையில் அந்த எண்ணெயையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றாத வண்டி விரைவிலேயே வேலை வைத்துவிடும். முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்பதற்கு ரசீது இருக்க வேண்டும். "அண்ணே, எல்லாம் செஞ்சாச்சு" என்ற வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை. பின்சக்கரங்களுக்குத் திருப்புவிசையைப் பங்கிடும் ஏஒய்சி அமைப்பின் பம்ப் துருப்பிடித்துப் போவதும் இந்தக் காரில் தெரிந்த சங்கதி. அது இல்லாமல் எவோவின் பாதிச் சிறப்பு இல்லை, மாற்றுவதும் மலிவல்ல. எவோதான் வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டவர்கள் மேனுவலையே தேடுங்கள். இன்னொன்று: பேட்டரியைப் பின்னால் கொண்டுபோய் வைத்திருப்பதால் பூட் சிறியது, பின் இருக்கையும் மடங்காது. பண்டிகைக்குச் சொந்த ஊர் போக (பாலிக் கம்போங்) குடும்பத்தோடு சாமான் ஏற்றுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டைப் ஆர் வேறு பிறவி. டர்போ இல்லாத கே20ஏ எஞ்சின், 225 குதிரைத்திறன், அதுவும் 8,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான எஞ்சின் சுழற்சி). எடை 1,270 கிலோதான். ஞாயிறு விடிகாலை பத்துமலையைத் தாண்டி உலு யாம் வளைவுகளில் ஏறும்போது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் முன்சக்கர எல்எஸ்டி வண்டியை வளைவுக்குள் இழுத்துப்போகும் விதமும், ஊசி உச்சத்தைத் தொடும்போது எஞ்சின் போடும் சத்தமும் வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை அதே கார் தாமான் (குடியிருப்பு) வேகத்தடை ஒவ்வொன்றிலும் முதுகெலும்பைத் தட்டும். சஸ்பென்ஷன் அவ்வளவு இறுக்கம். பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாம் கியரில் நறநறவென்று சத்தம் வருகிறதா என்று சோதனை ஓட்டத்திலேயே கேளுங்கள். அப்புறம், பாடிகிட் மாட்டிய சாதாரண சிவிக்குகளும் சந்தையில் ஏராளம். கிராண்ட்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஐஎஸ்250-க்கு வேகம் பெருமையில்லை. 2.5 லிட்டர் வி6, உரசும் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோ, பின்சக்கர இயக்கம். நெரிசலில் அது பதறுவதே இல்லை; சூடோ குலுக்கலோ கிடையாது. ஒரே பெரிய வியாதி கார்பன். எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் மட்டுமே பீய்ச்சும் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. குறுகிய தூரம், மெதுவான ஓட்டம் என்றால் கரி சேர்ந்து ஐட்லிங்கில் நடுக்கம் வரும். கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த பட்டறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப ஆண்டு வண்டிகளில் டேஷ்போர்டு வெயிலில் உருகிப் பிசுபிசுக்கும், தொட்டுப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அகலம் என்பதால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது.

காப்பீட்டில் எவோவும் டைப் ஆரும் தனி ரகம், திருடர்களுக்குப் பிடித்தவை. 2017 ஜூலையிலிருந்து முழுக் காப்பீட்டுக் கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயிக்கிறது. 55 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) இருந்தாலும் நான்கைந்து இடத்தில் விலை கேட்ட பிறகே புக்கிங். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்பதற்காகக் கியர்பாக்ஸ் நலம் என்று நினைக்கக் கூடாது, அதைப் பரிசோதகர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு ஒரே கார் என்றால் ஐஎஸ்250தான், எனக்கு இதில் தயக்கமே இல்லை. வேலைக்குப் போக மைவி போன்ற சிறிய கார் ஒன்று வாசலில் நிற்கிறதென்றால் டைப் ஆர் வாங்குங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள். எவோ, பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருப்பவருக்கு மட்டும்.

கையில் இன்னும் கூடுதலாக இருந்தால் 2015-இல் வந்த ஐஎஸ்200டியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 1998 சிசி டர்போ, 245 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோ. வரி அதே 379 ரிங்கிட். எரிபொருளை சிலிண்டருக்குள்ளும் இன்டேக் வால்வுக்கு முன்னாலும் பீய்ச்சுவதால் வால்வில் கரி சேரும் தொல்லையும் குறைவு. 350 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை 1,650 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், நெரிசலில் நமக்குக் கிடைப்பதும் அந்த ஆர்பிஎம்தான்.