ஏர்பிரஷ் செட் வாங்கும் முன்: நான் ஏமாந்த விதம்

1/72 அளவிலான ஸ்பிட்ஃபயர் போர் விமான மாதிரிக்கு வண்ணம் பூசுவதற்காக, இணையத்தில் விற்கும் ஒருவரிடம் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருடன் கூடிய, வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் செட் ஒன்றை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். காற்றையும் வண்ணத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் டூயல் ஆக்‌ஷன் விசை, 0.2, 0.3, 0.5 மி.மீ. என மூன்று நாசில்கள் (வண்ணம் வெளிவரும் முனைகள்), வண்ணத்தைக் கரைக்கும் தின்னரைத் தாங்கும் டெஃப்லான் சீல்கள், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி என்று விளம்பரத்தில் எல்லாமே இருந்தன. வந்த பெட்டியில் ரெகுலேட்டரும் வடிகட்டியும் இல்லை. கேட்டதற்கு, அவை கம்ப்ரசருக்குள்ளேயே பொருத்தப்பட்டுள்ளன என்று பதில் வந்தது. கழற்றிப் பார்க்காமல் நம்பியதோடு, மாதிரியை ஒட்டி முடிக்கும்வரை பத்து நாள் பெட்டியைத் தொடவும் இல்லை. ஏழு நாள் திருப்பியனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

தாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வண்ணத்தைச் சம அளவு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து இறக்கையில் பூசத் தொடங்கியதும், மென்மையாக மங்கி இறங்க வேண்டிய பச்சையின் விளிம்பு புள்ளி புள்ளியாகத் தெறித்தது; ஏர்பிரஷில் வண்ணம் ஊற்றும் கிண்ணத்தில் அது கொதிப்பதுபோல் குமிழிகள் எழுந்தன. வண்ணம்தான் கெட்டியோ என்று மேலும் மேலும் கரைத்ததில் ஒரு மாலை வீணாயிற்று. உண்மையில், நாசில் சரியாக உட்காராமலோ விரிசல் விட்டோ இருந்தால், வெளியே போக வேண்டிய காற்று வண்ணம் வரும் வழியில் பின்னோக்கி ஏறும். குமிழிக்கு அதுவே காரணம். உருப்பெருக்கியில் பார்த்தபோது நாசிலின் வாயில் மயிரிழை விரிசல் தெரிந்தது. போதாக்குறைக்கு, சென்னையின் புழுக்கத்தில் அழுத்தப்பட்ட காற்றின் ஈரம் குழாயில் நீராகிச் சொட்டுச் சொட்டாக இறக்கையில் விழுந்தது. கம்ப்ரசரைத் திறந்து பார்த்தேன்; வடிகட்டி என்று உள்ளே எதுவும் இல்லை.

லாக்கர் தின்னரால் கழுவிய மறுநாள், நாசிலைத் திறந்து மூடும் உள் ஊசி அசையவில்லை. டெஃப்லான் என்றது சாதாரண ரப்பர் வளையம். தின்னரில் ஊறி உப்பி ஊசியைக் கவ்வியிருந்தது. அரிசி மணியைவிடச் சிறிய அந்தத் திருகு நாசிலை உடன் வந்த சாவியால் கழற்ற முயன்றபோது, மரை முறிந்து தலைப்பகுதிக்குள்ளேயே தங்கிவிட்டது. (என் கை வலுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை.) உதிரி நாசில் கேட்டேன், தனியாக விற்பதில்லை என்றார் விற்றவர். மூன்று அளவுகளை அடுக்கிக் காட்டும் செட்டைவிட, உதிரிப் பாகம் கிடைக்கும் ஒற்றை 0.3 மி.மீ. ஏர்பிரஷே மேல் என்பது அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, அன்றே கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றித் தெளித்துப் பாருங்கள். குமிழி வந்து, நாசிலைச் சரியாகப் பொருத்திய பிறகும் நிற்காவிட்டால் உடனே திருப்பியனுப்புங்கள். மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் போதும் என்பதால், அதைக் காட்டும் மானி கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்றவர், நான் தவறான வண்ணம் பயன்படுத்தியதாகச் சொல்லிக் கைவிரித்தார். மின்வணிக விதிகள், 2020-இன்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிப்படுத்தி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பதிவு செய்தேன். விளம்பரத்தில் இருந்து பெட்டியில் இல்லாத பொருள்களுக்காக 2,500 ரூபாய் திரும்பி வந்தது. முறிந்த மரை இன்னும் உள்ளேயே இருக்கிறது.