மாலையில் கிளம்பும் கப்பலா, இரவு தங்கும் கப்பலா?

க்ரூஸ் (உல்லாசக் கப்பல்) பயணத் திட்டங்கள் இரண்டு மூன்றை அருகருகே வைத்துப் பார்த்தால், விலையும் கேபினும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏதோ ஒன்றில் மட்டும் ஓர் ஊருக்கு நேரே இரண்டு தேதிகள் போட்டிருக்கும். அதாவது கப்பல் அன்றிரவு அங்கேயே நிற்கும், மறுநாள்தான் கிளம்பும். விளம்பரத்தில் இதைப் பயணிகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம் மாதிரி எழுதுவார்கள். உபகாரமெல்லாம் இல்லை. கப்பல் ஓடினாலும் கணக்கு, நின்றாலும் கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்தால், எந்த ஊரில் தங்குவதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், எங்கே கொடுக்க வேண்டாம் என்று நாமே முடிவு செய்யலாம்.

முதலில் வழக்கமான பகல் நிறுத்தம். காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் என்று போட்டிருந்தால், தாளில் 9 மணி நேரம். கப்பலைத் துறைமேடையில் கட்டி நிறுத்தி, அந்நாட்டு அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கூட்டம் இறங்கவே அரைமணி ஆகும். கிளம்புவதற்கு அரைமணி முன்னாலாவது ஏறியிருக்க வேண்டும். ஆக 8 மணி நேரம். ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து நகரம் சுமார் 80 கிலோமீட்டர். ரயில் நிலையத்துக்குப் போவது, ரயிலுக்குக் காத்திருப்பது, திரும்ப வருவது எல்லாம் கழித்தால் ரோமில் கையில் இருப்பது ஐந்து மணி நேரம்தான். கொலோசியமா வத்திக்கானா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றப் போனவருக்காகக் காத்திருக்காது.

அப்படியென்றால் இரவு 10 அல்லது 11 மணி வரை நின்றுவிட்டுக் கிளம்பலாமே? பயணிக்கு இதுதான் மிக வசதி. ஊரில் இரவுச் சாப்பாடு, விளக்கு வெளிச்சத்தில் ஒரு நடை, அப்புறம் தூக்கம், காலையில் அடுத்த ஊர். ஒரு நாளும் வீணாகவில்லை. ஆனால் நிறுவனங்கள் இதை அதிகம் செய்வதில்லை. காரணம் எரிபொருள். அடுத்த துறைமுகம் 200 கடல் மைல் தூரத்தில் இருக்கிறது, காலை 7 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்குக் கிளம்பினால் 14 மணி நேரம் இருக்கிறது. மணிக்குச் சுமார் 14 கடல் மைல் வேகம் போதும். இரவு 9 மணிக்குக் கிளம்பினால் 10 மணி நேரம்தான். 20 கடல் மைல் வேகத்தில் ஓட வேண்டும். கப்பலைத் தள்ளத் தேவையான சக்தி, ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும் (வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு). ஓடும் நேரம் குறைவதையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த நான்கு மணி நேரத் தாமதம் கப்பலை ஓட்டும் எரிபொருளைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடும். தாமதமாகக் கிளம்பும் கப்பல்களின் அடுத்த ஊர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், அல்லது மறுநாள் முழுக்கக் கடல் நாளாக இருக்கும்.

இரவு தங்கினால் இந்தச் செலவு இல்லை. உந்து இயந்திரம் ஓய்வில் இருக்கிறது. விளக்கு, ஏசி, சமையலறைக்கு மட்டும் மின்சாரம் வேண்டும். அதையும் சில துறைமுகங்களில் கரையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 2001ல் அலாஸ்காவின் ஜூனோவில் க்ரூஸ் கப்பல்களுக்கு இப்படிக் கரை மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். எரிபொருள் மிச்சம் என்றால் எல்லா ஊரிலும் தங்கலாமே என்று தோன்றும். நஷ்டம் வேறு பக்கம் இருக்கிறது. பல நாடுகளில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை கேசினோவும் டூட்டி ஃப்ரீ கடைகளும் மூடியிருக்க வேண்டும். பயணிகள் கரையில் சாப்பிட்டு, கரையில் குடிப்பதால் கப்பலின் பாரும் காற்று வாங்கும். கப்பல் சம்பாதிப்பது டிக்கெட்டில் மட்டுமல்லவே. நின்ற இடத்துக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு.

அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் பெர்முடா தீவைப் பார்த்தால் இந்த இழுபறி நன்றாகப் புரியும். நியூயார்க்கிலிருந்து சுமார் 700 கடல் மைல். சுற்றிலும் வேறு துறைமுகமே கிடையாது. ஒருவாரப் பயணம் என்றால் போக வர கடலிலேயே கழியும் நாட்கள் போக, மிச்சத்தை அங்கேதான் கழிக்க வேண்டும். அதனால் கப்பல்கள் அங்குள்ள ராயல் நேவல் டாக்யார்ட் துறைமுகத்தில் இரண்டு இரவு நிற்பது சாதாரணம். கேசினோ மூடிக் கிடப்பது நிறுவனங்களுக்கு உறுத்தல். கடைசியில் 2013ல் பெர்முடா சட்டம் போட்டு, துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலும் இரவு நேரத்தில் கேசினோவைத் திறக்க அனுமதித்தது. ஹவாயில் ஓடும் பிரைட் ஆஃப் அமெரிக்கா என்ற கப்பல் இதற்கு நேர் எதிர். அதில் கேசினோவே இல்லை. தீவுகளும் பக்கம் பக்கம். ஒரே வாரத்தில் மாவியின் கஹுலுயிலும் கவாயின் நவிலிவிலியிலும் இரவு தங்குகிறது. மூட வேண்டியது இல்லாத கப்பலுக்கு நிற்பதில் நஷ்டமும் குறைவு.

இன்னொரு வகை, தண்ணீர் வைத்த சட்டம். பிரான்சின் போர்டோ (Bordeaux) நகரத்துக்குக் கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஆற்றில் ஏறி வர வேண்டும், கடல் நீர் ஏறும் நேரம் பார்த்து. அவ்வளவு சிரமப்பட்டு உள்ளே வந்த கப்பல் ஒரு பகலோடு திரும்பிப் போவதில் அர்த்தமில்லை.

சரி, பயணிக்கு எது லாபம்? என்னைக் கேட்டால், ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, கப்பல் வந்து நிற்கும் இடத்தின் பெயரைப் பாருங்கள். இஸ்தான்புல்லில் 2021ல் திறந்த கலாட்டாபோர்ட், கராக்கோயில் நகருக்குள்ளேயே இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறமும் இறங்கி, கலாட்டா பாலத்தில் வரிசையாகத் தூண்டில் போட்டு நிற்பவர்களைத் தாண்டி எதிர்க்கரையின் எமினோனு வரை நடந்துவிட்டு வரலாம். இங்கே இரவு தங்குவதற்குக் கொடுக்கும் காசு முழுக்கத் தகும். பாங்காக் என்று போட்டிருக்கும் பெரிய கப்பல்கள் நிற்பதோ லேம் சபாங்கில். அது சரக்குத் துறைமுகம், நகரம் சுமார் 120 கிலோமீட்டர். கப்பல் இரவு முழுக்க நின்றாலும், நகரத்தில் இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்ப இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். ஆகவே பலர் நகரத்தில் ஹோட்டல் அறை எடுக்கிறார்கள். கேபினுக்கும் காசு, ஹோட்டலுக்கும் காசு. வெனிஸ் இன்னும் ஏமாற்றும்: 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரை ஒட்டிய ஜூடெக்கா கால்வாய் வழியே வர முடியாது. சில கப்பல்கள் எதிரே நிலப்பகுதியிலுள்ள மர்கேராவில் நிற்கின்றன, சில தொலைவிலுள்ள ராவென்னா என்ற வேறு ஊர் வரை போய்விடுகின்றன. ராவென்னாவில் இரவு நிற்கும் கப்பலால் வெனிஸின் இரவு கிடைக்காது.

தூரமாக இருந்தும் தங்குவது நியாயம் என்று நான் நினைப்பது எகிப்தின் சஃபாகா மாதிரி இடங்களில். லக்சருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒரே பகலில் போய் வந்தால் கர்னாக் கோயிலையும் மன்னர் பள்ளத்தாக்கையும் ஓட்டமாக ஓடிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஓர் இரவு அங்கே தங்கினால் மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே பள்ளத்தாக்குக்குள் இறங்கலாம். 2022க்கு முன்பு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் நின்றதும் இதே மாதிரி காரணத்தால்தான். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் ஒன்றுக்கே ஒரு நாள் போய்விடும்.

கப்பல் கரையைத் தொடாமல் தள்ளி நிற்க, பயணிகளைப் படகில் ஏற்றி இறக்கும் துறைமுகம் என்றால் இரவுத் தங்கலுக்கு ஆசைப்படாதீர்கள். படகு நின்ற நேரத்தோடு உங்கள் இரவும் முடிந்தது.

பயணத்தின் முதல் இரவோ கடைசி இரவோ ஏறும், இறங்கும் துறைமுகத்திலேயே கழிவதும் உண்டு. முதல் இரவு, விமானம் தாமதமாகி வருபவர்களுக்குப் பெரிய நிம்மதி. கடைசி இரவு, ஹோட்டல் செலவு மிச்சம். ஒன்றே ஒன்று: அன்றிரவு பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், ஊர் சுற்றிவிட்டு நடுநிசியில் திரும்புவதற்குள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மறுநாள் போட வேண்டிய உடுப்பையும் பாஸ்போர்ட்டையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.